உழவர் உதவிப் பணமும் ஊரறியும் பட்டியலும்

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் தேதி முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்ததையும், அக்காலத்தில் குடியானவர்கள் பட்ட துன்பத்தையும் நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தர்ப்பூசணி கொடியிலேயே கிடந்து அழுகிற்று. பூப் பறிக்க ஆள் இல்லை. பறித்த பூவை வாங்கச் சந்தையும் இல்லை. ஊரடங்கு தொடங்கிய மறுநாளே, அதாவது மார்ச்சு 26-இல், மத்திய அரசு ஒரு நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. அதில் உழவர்களுக்குரிய பகுதி சுருக்கமானது. ‘பிரதமரின் கிசான் சம்மான் நிதி’ என்ற பெயரில் முன்னரே நடைபெற்று வந்த உதவித் திட்டத்தின் அவ்வாண்டு முதல் தவணையாகிய ரூ.2,000, ஏப்ரல் முதல் வாரத்திலேயே 8.7 கோடி உழவர்களின் பாங்குக் கணக்கில் செலுத்தப்படும் என்பதே அது.

பணம் உரிய வேளையில் வந்தது. பலருக்கு உதவியும் செய்தது. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திற்குள், தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 5.5 லட்சம் தகுதியற்ற பெயர்கள் இப்பட்டியலில் நுழைந்துவிட்டன என்பதும், அவற்றின் மூலம் ரூ.110 கோடி வெளியேறிவிட்டது என்பதும் பின்னர் தெரியவந்தன. இத்தனை பெயர்கள் எவ்வாறு நுழைந்தன, ஊராருக்கு அது ஏன் தெரியாமற் போயிற்று, இனி அவ்வாறு நேராதிருக்கப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடியானவர்களும் செய்யக்கூடியது யாது என்பனவே இப்பாடத்தில் நாம் ஆராயும் பொருள்.

இதை நாம் புதுச்சேரி நகரத்தை ஒட்டிய மேட்டுப்பாளையத்திலிருந்து எழுதுகிறோம். இன்று இங்கே தொழிற்பேட்டையும் லாரிகளும்தான் கண்ணுக்குத் தெரியும்; ஏர் தெரியாது. எனினும் இங்கிருந்து சிறிது தொலைவு சென்றாலே விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டம் வந்துவிடும். தெற்கே சென்றால் கடலூர் மாவட்டம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதியும் ஆங்கிலேயர் ஆண்ட பகுதியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தமையால், இன்றும் நம் பக்கத்து உழவருக்கு அந்தப் பக்கத்தில் நிலம் உண்டு. அந்தப் பக்கத்து உழவர் இங்கே பட்டறையில் வேலை பார்ப்பதும் உண்டு. முறைகேடு பெருமளவில் வெளிப்பட்ட மாவட்டங்களில் கள்ளக்குறிச்சியும் விழுப்புரமும் கடலூரும் முன்னிற்பவை. ஆகவே இது எங்கோ நடந்த கதையன்று. வரப்புக்கு அப்பால் நடந்தது.

முதலில் திட்டத்தைச் சரிவரத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். 1.12.2018 முதல் கணக்கிட்டு, 24.2.2019 அன்று தொடங்கிவைக்கப்பட்டது இத்திட்டம். ஆண்டுக்கு ரூ.6,000, நான்கு மாதத்திற்கு ஒருமுறை ரூ.2,000 வீதம் மூன்று தவணைகளாகப் பாங்குக் கணக்கிலேயே சேரும். முதலில் 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஐந்து ஏக்கர் வரை உள்ளவர்களுக்கு மட்டுமே என்று இருந்தது. 2019-ஆம் ஆண்டின் நடுவில் அந்த வரம்பு நீக்கப்பட்டு, சாகுபடி நிலம் உடைய எல்லாக் குடும்பங்களுக்கும் என்று ஆயிற்று. குடும்பம் என்பது கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள். ஒரு குடும்பத்திற்கு ஒரு பங்குதான். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று இல்லை. நிலம் 1.2.2019 அன்று அவர் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப்பின் விலைக்கு வாங்கியவருக்கு உரிமை இல்லை. உரியவர் இறந்து வாரிசாக வந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு.

விலக்கப்பட்டவர் யார் என்பதில்தான் ஊர்களில் பெருங்குழப்பம் நிலவுகிறது. கடைநிலை ஊழியர் தவிர மற்ற அரசு ஊழியர்கள், மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் பெறுவோர், முந்திய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி செலுத்தியோர், தொழில் நடத்தும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், கணக்காயர், கட்டடக் கலைஞர், இன்னாள் முன்னாள் அமைச்சர்கள், சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினர்கள், மேயர்கள், மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவர்கள் ஆகியோர் பெறலாகாது. கிராமப் பஞ்சாயத்துத் தலைவரும் அங்கத்தினரும் அப்பதவி காரணமாக விலக்கப்பட்டவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். தமக்குப் பணம் வருவதை ஏதோ குற்றம் போல் எண்ணி மறைக்கும் அங்கத்தினர் சிலரை நாம் கண்டதுண்டு. நிலம் இருந்து, மற்ற விலக்குகள் இல்லையாயின், அவர்கள் பட்டியலில் தம் பெயரைத் தாமே முதலில் படித்துக் காட்டலாம்.

இனி, நடந்தது என்ன? தொடக்கத்தில், முன்னாளில் நாம் கர்ணம் என்று அழைத்த வேலையை இன்று பார்க்கும் கிராம நிர்வாக அலுவலரின் ஏடுகளைக் கொண்டு பெயர்கள் சேர்க்கப்பட்டன. நிலம் இன்னாருக்கு இவ்வளவு என்பது அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். பின்னர், விடுபட்ட உழவர் அலுவலகத்திற்கு அலையாமல் தாமே இணையதளத்தில் பதிந்துகொள்ளும் வசதி செய்யப்பட்டது. நோக்கம் நல்லதே. அவ்வாறு பதிந்த விண்ணப்பத்தை மாவட்ட, வட்டார அளவில் உள்ள வேளாண்மை இலாகா அலுவலர்கள் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டும். ஒப்புதல் தருவதற்கு அவர்களுக்குத் தனிக் கடவுச்சொல் உண்டு. கடவுச்சொல் என்பது பழைய காலத்து அலுவலக முத்திரையைப் போன்றது. முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போகலாகாது என்று நமக்குப் பயிற்சிக் காலத்திலேயே சொல்லித் தந்தார்கள். ஆனால் இந்தப் புதிய முத்திரை தற்காலிக ஊழியர் கைக்கும், அங்கிருந்து கணினி மையம் நடத்துவோர் கைக்கும், தரகர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. விண்ணப்பம் எழுதுபவரும் அவரே, ஒப்புதல் தருபவரும் அவரே என்று ஆனபின் தடுப்பதற்கு என்ன இருக்கிறது?

வேளாண்மைத் துறையின் முதன்மைச் செயலாளராக அப்போது இருந்த ககன்தீப் சிங் பேடி அவர்கள் 2020 செப்டம்பரில் இதை வெளிப்படையாக அறிவித்தார். 13 மாவட்டங்களில் முறைகேடு காணப்பட்டது, 80 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர், 34 அலுவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர், 18 பேர் கைது செய்யப்பட்டனர், அதுவரை ரூ.32 கோடி மீட்கப்பட்டது. விசாரணை சி.பி.சி.ஐ.டி. போலீஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ரூ.110 கோடியை 5.5 லட்சத்தால் வகுத்துப் பார்த்தால் தலைக்கு ரூ.2,000 வருகிறது. ஒரே ஒரு தவணை! அதாவது, சராசரியாகப் பார்த்தால், ஒரு தவணை போனதுமே கண்டுபிடித்தாயிற்று. அரசாங்கம் தானே கண்டுபிடித்துத் தானே வெளியிட்டது பாராட்டுக்குரியது. ஆனால் சென்னையில் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்ததைப் பார்த்து ஐயம் கொள்ள வேண்டியிருந்ததே அன்றி, ஊரிலிருந்து உரத்த குரல் ஏதும் எழவில்லை. அது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

இதே காலத்தில் வழங்கப்பட்ட வேறோர் உதவியை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டை ஒன்றுக்கு ரூ.1,000 ரொக்கமாக வழங்கப்பட்டது. முன்னதாகவே டோக்கன் கொடுத்து, நாள் குறித்து, ரேஷன் கடை மூலம் தரப்பட்டது. 2021-இல் ரூ.4,000 இரண்டு தவணைகளாக அளிக்கப்பட்டது. நம் புதுச்சேரியிலும் 2020-இல் அட்டைக்கு ரூ.2,000, 2021-இல் ரூ.3,000 என்று அறிவிக்கப்பட்டன. ரேஷன் கடையில் தரப்பட்ட உதவியில் குறைகள் இல்லாமல் இல்லை. வெயிலில் நின்றார்கள், நோய்க்காலத்தில் கூட்டம் கூடிற்று. ஆனால் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது அன்று மாலையே தெரு முழுவதற்கும் தெரிந்திருந்தது. விடுபட்டவர் கடைக்காரரிடமே நியாயம் கேட்டார். பாங்குக் கணக்கிற்கு நேரே போகும் பணத்தில் இந்தக் காட்சி இல்லை. கைமாறும் இடத்தில் இடைத்தரகன் கிள்ளிக்கொள்ள முடியாது என்பது அதன் பெரிய நன்மை. அதை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணும் அதில் படுவதில்லை. கிள்ளுபவன் பணம் வழங்கும் இடத்தை விட்டுப் பெயர் எழுதும் இடத்திற்குப் போய்விட்டான், அவ்வளவே.

மேலும் ஒன்று. தமிழ்நாட்டில் கிராம சபை கூட வேண்டிய நாட்களாக அன்று இருந்தவை நான்கு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. நோய்த்தொற்றின் காரணமாக 2020-ஆம் ஆண்டில் மே, ஆகஸ்டு, அக்டோபர்க் கூட்டங்கள் மூன்றும் நடைபெறவில்லை. கூடாதது தவறென்று நாம் சொல்லவில்லை, உயிர் முக்கியம். ஆனால் பெயர்கள் புகுந்த மாதங்களும் சபை கூடாத மாதங்களும் ஒன்றாகவே இருந்தன என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். சபை கூடாவிட்டாலும் பட்டியல் தாளைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கு யாரும் கூட வேண்டியதில்லை. தனித்தனியே வந்து படித்துவிட்டுப் போகலாம். திட்டத்தின் செயல்முறை விதிகளிலேயே, பயனாளிகளின் பட்டியல் பஞ்சாயத்துகளில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் என்று எழுதியிருக்கிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐவரை நேரில் விசாரித்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. விதி புதிதாக வேண்டியதில்லை. இருப்பதைச் செய்தாற் போதும்.

பணம் பெற்றவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘ஐந்தரை லட்சம் போலி உழவர்கள்’ என்று அன்று பேசினார்கள். நமக்கு அந்தச் சொல் உவப்பாக இல்லை. எல்லையோரத்துச் சிற்றூர் ஒன்றில் பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கூலி வேலை செய்யும் ஒரு மூதாட்டி நம்மிடம் வந்தார்.

“ஐயா, கொரோனாப் பணம் வருதுன்னு சொல்லித்தான் ஆதாரையும் பாங்குப் புத்தகத்தையும் வாங்கிக்கிட்டுப் போனாங்க. எனக்குக் காணி நிலமா இருக்கு, உழவர் பணம் வாங்க? கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேனே.”

“வந்த பணத்தை முழுதும் நீங்களே எடுத்தீர்களா, அம்மா?”

“பாதியை அந்தத் தம்பி வாங்கிக்கிச்சு. இப்ப முழுசையும் நான்தான் கட்டணுமாம்.”

இவரைப் போன்றோர் மிகப் பலர். கொள்ளை நோய்க் காலத்தில் எல்லோருக்கும் ஏதோ ஓர் உதவி வந்துகொண்டிருந்தபடியால், இதுவும் அவற்றுள் ஒன்று என்று நம்பிவிட்டனர். தகுதியில்லாத பணம் திரும்பத்தான் வேண்டும். அதில் நமக்கு மாறுபாடு இல்லை. எனினும் அறிந்து எழுதியவனையும் அறியாமல் கையொப்பமிட்டவரையும் ஒரே சொல்லால் அழைப்பது முறையன்று. தவிரவும், நாடு முழுவதற்குமான கணக்கு வேறொன்றைக் காட்டுகிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கப்பட்ட கேள்விக்கு மத்திய வேளாண்மை அமைச்சகம் தந்த விடை 2021 ஜனவரியில் வெளியாயிற்று. 20.48 லட்சம் தகுதியற்றவர்களுக்கு ரூ.1,364 கோடி சென்றிருக்கிறது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வருமான வரி செலுத்துவோர் என்று அதில் கண்டது. வரி கட்டும் அளவுக்கு வருவாய் உள்ளவர் விதியை அறியாமல் வாங்கினார் என்று சொல்வதற்கில்லை. 2021 ஜூலையில் பாராளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கில் தொகை இன்னும் உயர்ந்தது: நாடெங்கும் 42 லட்சத்துக்கு மேற்பட்டோர், மீட்க வேண்டியது ரூ.2,992 கோடி; அதில் தமிழ்நாட்டின் பங்கு 7.22 லட்சம் பேர், ஏறத்தாழ ரூ.340 கோடி.

அந்த முதற் கணக்கு வெளிவந்ததற்குக் காரணம் ஒருவர் எழுதிப் போட்ட ஒரு விண்ணப்பம்தான் என்பதை நினைவிற் கொள்க. 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவு, மானியத் திட்டங்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றன, ஒதுக்கிய தொகை எவ்வளவு, பயன் பெற்றவர் யார் என்பவற்றை எவரும் கேளாமலே அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டிற்கு இது முற்றும் புதியதன்று. 1997-லேயே இங்கே இப்பொருள் பற்றி ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூரில், முதற் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்திற்கு வரலாகாது என்று பொறித்திருக்கிறார்கள். உறவினரையும் சேர்த்தது சற்றுக் கடுமைதான். ஆனால் கணக்கு என்பது ஊருக்குக் காட்டுவதற்கே உரியது என்ற கருத்தில் அவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

இனிச் செய்யும் முறைக்கு வருவோம். பட்டியல் கிடைப்பது அரிதன்று. திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தால் பயனாளிகளின் பெயர்கள் வரும். எந்தப் பொதுச் சேவை மையத்திலும் அச்சிட்டு வாங்கலாம். அச்சிட்டதைக் கையில் எடுத்ததும் முதல் சங்கடம் தெரியும்: அதில் பெயர் இருக்கும், ஆணா பெண்ணா என்பது இருக்கும், தகப்பன் பெயர் இராது. ஓர் ஊரில் ஆறு முருகன், நான்கு லட்சுமி இருந்தால் யார் எவர் என்று எவ்வாறு அறிவது? ஆகவே வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்குப் பஞ்சாயத்தின் பெயரால் கடிதம் எழுதி, தகப்பன் அல்லது கணவர் பெயரும் குக்கிராமத்தின் பெயரும் சேர்ந்த பட்டியலைக் கேட்க வேண்டும். கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை பெறுவதை மறத்தலாகாது.

அடுத்து, எண்ணிக்கையைப் பாருங்கள். பெயர்களுக்குள் போகுமுன் எண்ணிக்கையே பாதி உண்மையைச் சொல்லிவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் சிட்டாவையும் கொண்டு பட்டாதாரர் எத்தனை பேர் என்று அறியலாம். ஓர் ஊரில் பட்டாதாரர் 280 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் இறந்தவர், வெளியூர் சென்றவர், அரசு வேலையில் இருப்பவர் நீங்கலாக 200 பேர் பெறக்கூடும். பட்டியலில் 190 இருந்தால் வியப்பில்லை. 450 இருந்தால் அங்கே விசாரிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது. இதற்குக் கணக்காய்வாளர் வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை போதும்.

ஆனால் எண்ணிக்கை மிகுந்தவிடத்தும் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. மேட்டுப்பாளையம் போன்ற இடங்களுக்கு அருகில் இருந்து நாம் காண்பது இது: தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் ஒருவர், குடியிருப்பது நகரத்தில், தகப்பனார் விட்டுச் சென்ற முக்கால் ஏக்கர் வானூர்ப் பக்கத்துச் சிற்றூரில். பட்டா அவர் பெயரில் 2019-க்கு முன்பே மாறியிருந்து, அவர் வருமான வரி செலுத்தாதவராயின், அவர் முழுத் தகுதி உடையவர். ஊரில் அவர் முகம் தெரியாது என்பதால் ‘வெளியாள்’ என்று கோடு போட்டுவிடலாகாது. முகம் தெரியாதவருக்கு நிலம் இருக்கிறதா என்று சிட்டாவைத்தான் கேட்க வேண்டும். திண்ணையைக் கேட்கக் கூடாது.

படிப்பது எங்கே, எவ்வாறு? கிராம சபையில் ஒருமுறை படித்துத் தீர்மானம் எழுதுவது சட்டப்படி வேண்டுவது. தமிழ்நாட்டில் 2022 முதல் மார்ச்சு 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்று ஆகியிருப்பதால் வாய்ப்புக்குக் குறைவில்லை. ஆயினும் சபைக்கு வராதவரே மிகுதி என்பதை நாம் அறிவோம். ஆகவே சபைக்கு ஒரு வாரம் முன்னதாக ஒவ்வொரு குக்கிராமத்திலும், ஆதிதிராவிடர் குடியிருப்பு உட்பட, மாலை வேளையில் அந்தந்தப் பகுதிப் பெயர்களை மட்டும் உரக்கப் படிக்க ஏற்பாடு செய்தால் நலம். பெண்கள் வேலையிலிருந்து திரும்பிய பின் படியுங்கள். நிலம் யாருக்கு உண்டு, யார் காலமானார், யார் மகன் வீட்டோடு போய்விட்டார் என்பதையெல்லாம் ஆடவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். மகளிர் குழுத் தலைவி ஒருவர் பென்சிலுடன் அருகில் அமர்ந்தால் வேலை பாதியாகும்.

படிக்கும்போது ஐயமான பெயருக்கு நேரே குறிப்பு மட்டும் எழுதுக, தீர்ப்பு எழுதற்க. ‘இறந்தார், வாரிசு விசாரிக்க’, ‘கணவர் பெயரும் உள்ளது’, ‘இவ்வூரில் நிலம் இல்லை என்கிறார்கள், சிட்டா பார்க்க’ என்று இருந்தாற் போதும். இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில் பட்டியல் படிப்பது பழிவாங்கும் கருவியாகிவிடும் என்று நண்பர்கள் சிலர் நம்மிடம் எச்சரித்திருக்கிறார்கள். அவர்கள் அச்சம் பொய்யன்று. அதற்குப் பரிகாரம், எல்லாப் பெயர்களையும் படிப்பதே. ஒருவர் பெயரை மட்டும் எடுத்துக் கேட்டால் அது பகை. முந்நூறு பெயரையும் வரிசையாகப் படித்தால் அது கணக்கு.

பட்டியலில் இருப்பவரைக் காட்டிலும் இல்லாதவரைத் தேடுவதுதான் நம் கருத்தில் பெரிய பயன். நிலம் இருந்தும் பணம் வாராத குடியானவர் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பாட்டன் பெயரிலேயே பட்டா கிடக்கும், பேரன் உழுதுகொண்டிருப்பான். கூட்டுப் பட்டாவில் ஐந்து பெயர் இருக்கும். பாகப் பிரிவினை வாய்ச்சொல்லாக இருக்கும். பட்டாவில் ‘கோவிந்தசாமி’, ஆதாரில் ‘கோவிந்தன்’. முறைகேட்டுக்குப் பின் சரிபார்ப்பு மிகவும் இறுக்கப்பட்டது. ஆதார் மூலம் அடையாளச் சரிபார்ப்பும் நில ஆவண இணைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. கள்ளனைத் தடுக்கப் போட்ட வேலியில், விரல் ரேகை தேய்ந்த கிழவரும் சிக்கிக்கொண்டார். இப்படிப்பட்டவர்களைத் தனித்தாளில் எழுதி, பெயர் திருத்தத்துக்கு உரியவர், பட்டா மாறுதலுக்கு உரியவர் என்று பிரித்து, முன்னதை விரிவாக்க மையத்திற்கும் பின்னதை வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் அனுப்புக. ‘எங்களைப் பிடிப்பதற்குப் படிக்கிறார்கள்’ என்று எண்ணியிருந்த ஊர், ‘எங்களுக்குச் சேர்ப்பதற்குப் படிக்கிறார்கள்’ என்று கண்டால் அடுத்த முறை கூட்டத்திற்குத் தானே வரும்.

குத்தகைதாரர்களின் நிலை வேறு. நிலம் உடையவருக்கே இத்திட்டம். பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கு இல்லை. வெயிலில் நிற்பவனுக்கு இல்லை, பட்டணத்தில் இருக்கும் நிலக்காரருக்கு உண்டு என்றால் அது நியாயமா என்று நம்மிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயம் என்று நாம் வாதாட முன்வரமாட்டோம். ஆனால் இருக்கும் விதியின்படி அவர்கள் பெயரைச் சேர்க்க முடியாது. சேர்த்துத் தருகிறேன் என்று எவராவது ஆதாரும் நூறு ரூபாயும் கேட்டால் கொடுக்கலாகாது. கிராம சபையில் குத்தகைதாரர் கோரிக்கையைத் தனித் தீர்மானமாக எழுதி மேலே அனுப்புவது முறை.

சுவரில் ஒட்டும் தாளில் பெயர், தகப்பன் பெயர், ஊர், பெற்ற தவணைகள் ஆகியவை இருக்கலாம். ஆதார் எண்ணும் பாங்குக் கணக்கு எண்ணும் ஒருபோதும் இருத்தல் கூடாது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே தடுக்கப்பட்டது. தரகன் கையில் கிடைத்தால் என்னவாகும் என்பதை மேலே கண்டோம். வெளிப்படை என்பது எல்லாவற்றையும் கொட்டிவிடுவதன்று. ஐரோப்பிய நாடுகளிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. உழவர் மானியம் பெற்ற தனிமனிதர் அனைவரின் பெயரையும் தொகையையும் அளவின்றி இணையதளத்தில் வெளியிடுவது செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 9.11.2010 அன்று தீர்ப்பளித்தது. அதன்பின் அவர்கள் முழுதும் மூடிவிடவில்லை. 1,250 யூரோவுக்கு மேற்படாத சிறு தொகை பெறுவோரின் பெயரை மட்டும் மறைத்து, மற்றவற்றை மீண்டும் வெளியிட ஏற்பாடு செய்தார்கள். நம் உழவர் பெறுவதோ ஆண்டுக்கு ரூ.6,000. இதையும் மறைத்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கே ஊருக்கு இரண்டொரு பெரும் பண்ணைகள். இங்கே ஊரே பட்டியல். உலகம் முழுவதற்கும் காட்டுவது ஒன்று, பஞ்சாயத்துச் சுவரில் தம் ஊராருக்குக் காட்டுவது வேறொன்று. பின்னதையே நாம் வலியுறுத்துகிறோம்.

புதுச்சேரிப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியே ஒரு சொல். இங்கே 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; 2011-இல் பதவிக்காலம் முடிந்தது; 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறாமல் நின்றுபோயிற்று. ஆகவே, பட்டியலைக் கேட்டு வாங்க ஊருக்கு அங்கத்தினர் இல்லை என்ற நிலை நெடுங்காலம் இருந்துவிட்டது. அந்நிலையில் அலுவலகமே தானாகச் சுவரில் ஒட்டுவது இரட்டிப்பு அவசியமாகிறது. பால் கூட்டுறவுச் சங்கத்தின் முன்புறமும், நெல் கொள்முதல் செய்யும் இடமும், கோயில் மண்டபமும் பட்டியல் படிக்கத் தகுந்த இடங்களே. எந்த உழவரும் தனியாளாகவும் பட்டியலைக் கேட்கலாம்.

அவ்வாறு கேட்டு விடை வாராவிடில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் எழுதலாம். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் வினவ முடியாது. கேள்வியை விரித்து எழுதினால் விடை நழுவிப்போகும். ‘இன்ன கிராமத்தில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இத்திட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டோர் பெயர், தகப்பன் பெயர், ஒப்புதல் தந்த அலுவலரின் பதவி, ஒப்புதல் தந்த தேதி’ என்று நான்கே விவரம் கேளுங்கள். ஒப்புதல் தேதியைக் கேட்பது முக்கியம். ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் ஆயிரம் ஒப்புதல் என்று இருக்குமானால், அவற்றுள் ஒன்றையும் எவரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள். 30 நாட்களுக்குள் விடை வர வேண்டும்; வாராவிடில் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லையாயின் தமிழ்நாட்டு வாசகர்கள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்திற்கும், புதுச்சேரி வாசகர்கள் புதுதில்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்திற்கும் எழுத வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கட்டியவர்கள் அதற்குரிய ரசீதைப் பாங்குப் புத்தகத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கட்டிய பின்னும் கணக்கு முடக்கத்திலேயே இருந்தால், ரசீதின் நகலை இணைத்து விரிவாக்க மையத்தின் வேளாண்மை உதவி இயக்குநருக்கும் பாங்கு மேலாளருக்கும் ஒரே தேதியில் எழுதுக. எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தருவது பஞ்சாயத்து எழுத்தருக்குப் பெரிய வேலையன்று. நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித் தொகையும் பலருக்கு அதே கணக்கில்தான் வருகின்றன. ஆகையால் இக்கடிதத்தை அடுத்த கிராம சபை வரை தள்ளிவைக்காமல் அந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.